டோபர்மோரியில் மூழ்கிக் கிடக்கும் கப்பல்கள்: ஸ்கூபா இல்லாமல், தம் கட்டிப் பார்க்க முடியுமா?

கவி_மார்க்கம்

எல்லோருக்கும் வணக்கம். போன கோடையில் குடும்பமாக, ஒன்டாரியோவில் ஹியூரான் ஏரிக்கரையில் இருக்கும் டோபர்மோரி போயிருந்தோம். அடியில் கண்ணாடி வைத்த படகில் ஏறி, பிக் டப் துறைமுகத்தில் கிடக்கும் இரண்டு கப்பல்களையும் பார்த்தோம். படகு மேலே கொஞ்ச நேரம்தான் நின்றது. எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஃபோனை நீட்டிக்கொண்டிருக்கும்போதே நகர்ந்துவிட்டது. அந்தப் பலகைகளைச் சரியாகப் பார்க்கவில்லையே என்ற குறை இன்னும் போகவில்லை. இந்த வருடம் தண்ணீரில் இறங்கியே பார்ப்பது என்று நானும் தம்பியும் முடிவு செய்திருக்கிறோம்.

இரண்டு பேருக்கும் நன்றாக நீச்சல் வரும். கியூபாவில் கடலில் ஸ்நார்க்கல் (மூச்சுக்குழாய்) போட்டு நீந்தியிருக்கிறோம். ஸ்கூபா (காற்றுச் சிலிண்டரோடு முங்குவது) படிக்கவில்லை, இப்போதைக்குப் படிக்கும் எண்ணமும் இல்லை. அங்கே ஆழம் எவ்வளவு? தண்ணீர் எவ்வளவு குளிரும்? மேலே மிதந்து பார்த்தால் போதுமா, இல்லை மூச்சை அடக்கிக் கீழே முங்கலாமா? தம்பிக்குக் கப்பலுக்குள்ளேயே நுழைந்து பார்க்க ஆசை. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

நீர்க்காகம்

தாராளமாகப் போகலாம் கவி. ஸ்கூபா இல்லாதவர்களுக்கு இப்படி வாய்த்த இடம் வட அமெரிக்காவிலேயே கொஞ்சம்தான்.

நீங்கள் பார்த்ததில் முழு உருவத்தோடு இருப்பது ஸ்வீப்ஸ்டேக்ஸ். 1867ல் ஒன்டாரியோவின் பர்லிங்டனில் கட்டிய இரண்டு பாய்மர ஸ்கூனர், நீளம் 36 மீட்டர். 1885 ஆகஸ்டில் நிலக்கரி ஏற்றி வரும்போது கோவ் தீவுக்குப் பக்கத்தில் அடிபட்டது. ஜெஸ்ஸி என்ற இழுவைப் படகு அதைப் பிக் டப்பின் உள்கோடி வரை இழுத்து வந்தது. இனி சரிசெய்து பயனில்லை என்று தெரிந்ததும் சரக்கையும் உதவக்கூடிய சாமான்களையும் எடுத்துக்கொண்டு கப்பலைக் கைவிட்டார்கள். நின்ற இடத்திலேயே அமிழ்ந்தது. அதனால்தான் நடு ஏரியில் புயலில் சிதறிய கப்பல்களைப் போல இல்லாமல், அடிப்பகுதி முழுவதும் ஒரே துண்டாக நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது. அதே 1885ல்தான் துறைமுக வாயிலில் பிக் டப் கலங்கரை விளக்கமும் வந்தது.

ஆழம் அதிகபட்சம் 6 மீட்டர். மேல்தளம் அதற்கும் மேலே இருக்கிறது. மாஸ்க் போட்டுக் கவிழ்ந்து மிதந்தாலே தளம் முழுக்கத் தெரியும். ஆனால் ஒருமுறை முங்கி, கப்பலின் பக்கவாட்டில் பலகைக்கு இணையாக நீந்திப் பார்த்தால்தான் அது எவ்வளவு பெரியது என்று உடம்புக்கு உறைக்கும். மேலிருந்து பார்க்கும்போது வரைபடம் மாதிரித் தட்டையாகத் தெரிந்தது, கீழிருந்து பார்க்கையில் சுவர் மாதிரி எழுந்து நிற்கும். முன்பக்கம் நங்கூரச் சங்கிலி இழுக்கும் உருளை அப்படியே இருக்கிறது. வலது பக்கம் கைப்பிடிச் சட்டத்தின் ஒரு பகுதியும் மிச்சம் இருக்கிறது. வெயில் நாளில் அலை வெளிச்சம் தளப்பலகைகள் மேல் வலை வலையாக ஓடும். பலகைக்கும் பலகைக்கும் நடுவே உள்ள இடுக்கு மட்டும் கறுப்புக் கோடாக நிற்கும். அந்த இடத்தில் அவசரப்படாமல் கொஞ்ச நேரம் இருங்கள்.

உள்ளே நுழைவதைப் பற்றி: வேண்டாம். அனுமதியும் இல்லை. விரிவாக அப்புறம் எழுதுகிறேன்.

பேசாலைக்காரன்

மன்னார்ப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். மரக்கலம் என்றால் என்ன என்று சின்ன வயதிலிருந்தே தெரியும். இந்தக் கப்பலை முதல் தடவை பார்த்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை.

எங்கள் கடலில் ஒரு வள்ளத்தைக் கவனிக்காமல் தண்ணீரிலேயே போட்டுவிட்டால் கப்பற்புழு துளைத்துத் தள்ளிவிடும். வெளியே பார்த்தால் பலகை நன்றாக இருக்கும், உள்ளே சல்லடை. அதனால்தான் கரையேற்றிக் காயவைப்பதும் எண்ணெய் பூசுவதும். 1885ல் அமிழ்ந்த மரம் இன்னும் அணியமும் (முன்பகுதி) வங்குகளும் (விலாச் சட்டங்கள்) தெரியும்படி இருக்கிறது என்றால் காரணம் இதுதான்: அந்தப் புழுவுக்கு உப்புத் தண்ணீர் வேண்டும், இந்த ஏரியில் உப்பு இல்லை. அதோடு வருடம் முழுக்கக் குளிர். மரத்தை அழிக்கும் நுண்ணுயிர்களும் மெதுவாகத்தான் வேலை செய்யும்.

சுவீடனில் 1628ல் மூழ்கிய வாசா கப்பலை 1961ல் முழுசாகத் தூக்கினார்களே, அதற்கும் இதுதான் முக்கியக் காரணம். பால்டிக் கடல் தண்ணீரில் உப்பு குறைவு, புழு இல்லை.

மரக்கப்பல் கட்டும் தச்சர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் இங்கே யாராவது இருந்தால், ஒருமுறை போய்ப் பாருங்கள். பலகையை வங்கோடு எப்படிச் சேர்த்திருக்கிறார்கள், அணியத்தில் எப்படி வளைத்து முடித்திருக்கிறார்கள் என்பதெல்லாம் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது. அருங்காட்சியகத்தில் கயிறு கட்டித் தள்ளி நிறுத்திவிடுவார்கள். இங்கே கை எட்டும் தூரம். தொடக்கூடாது, அது வேறு விஷயம்.

கவி_மார்க்கம்

அண்ணா, இரண்டு பேருக்கும் நன்றி. மற்றக் கப்பல் எது? படகில் சொன்னார்கள், சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. எரிந்துபோனது என்றது மட்டும் நினைவிருக்கிறது.

நீர்க்காகம்

அது சிட்டி ஆஃப் கிராண்ட் ராபிட்ஸ். பயணிகள் போன நீராவிக் கப்பல், 1879ல் மிச்சிகனின் கிராண்ட் ஹேவனில் கட்டியது. 1907 அக்டோபர் கடைசியில், பக்கத்து லிட்டில் டப் துறைமுகத்தில் கட்டியிருந்தபோது தீப்பிடித்தது. தீ மற்றப் படகுகளுக்கும் துறைக்கும் பரவிவிடும் என்று ஒரு இழுவைப் படகு அதை வெளியே இழுத்துக்கொண்டு போய் விட்டது. எரிந்துகொண்டே மிதந்து பிக் டப்புக்குள் வந்து, நீர்மட்டம் வரை எரிந்து அமிழ்ந்தது. ஸ்வீப்ஸ்டேக்ஸிலிருந்து கொஞ்ச தூரம்தான். அதைவிட ஆழம் குறைவு. முங்கத் தெரியாதவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் நான் முதலில் காட்டச் சொல்வது இதைத்தான். மேல்கட்டு எதுவும் இல்லை, அடிப்பகுதியும் வங்குகளும் மட்டும். ஆனால் ஒரு கப்பலின் எலும்புக்கூட்டை இவ்வளவு கிட்டத்தில் வேறு எங்கே பார்ப்பது?

மித்ரா

ஃப்ரீடைவிங் (தம் கட்டி முங்குவது) முறையாகப் படித்தவள் என்ற உரிமையில் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். "வெறும் 6 மீட்டர்தானே" என்ற நினைப்போடு போகிறவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

முதலில் காது. தண்ணீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 6 மீட்டரில் மொத்தம் 1.6. கேட்கச் சின்ன எண், ஆனால் காதுக்கு முதல் சில மீட்டர்கள்தான் கடினம், ஏனென்றால் விகிதத்தில் பார்த்தால் அழுத்தம் அங்கேதான் வேகமாக மாறுகிறது. மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதைச் சமன் செய்வதை, வலி வந்தபிறகு அல்ல, முங்கத் தொடங்கும்போதே ஆரம்பிக்க வேண்டும். வலித்தால் திரும்பி மேலே வாருங்கள். அழுத்தி ஊதினால் காதுதான் கெடும். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு முங்கவே கூடாது, மிதந்து பாருங்கள் போதும்.

இந்தக் காரணத்துக்காகவே முழு முகத்தையும் மூடும் ஸ்நார்க்கல் மாஸ்க் வேண்டாம். அதில் மூக்கைப் பிடிக்க வழி இல்லை. மாஸ்க்குக்குள் ஏறும் அழுத்தத்தையும் மூக்கு வழியாக ஊதித்தான் சமன் செய்ய வேண்டும். சாதாரண மாஸ்க், உள்ளே இடம் குறைவாக உள்ளது, அதுதான் சரி.

அடுத்தது முங்குவதற்கு முன் வேக வேகமாக மூச்சு இழுப்பது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அப்படி இழுத்தால் ஆக்சிஜன் கூடும் என்று பலரும் நம்புகிறார்கள். அப்படிக் கூடுவதில்லை. இரத்தத்தில் அது ஏற்கெனவே நிறைந்துதான் இருக்கிறது. குறைவது கார்பன் டை ஆக்சைடு. "மூச்சு விடு" என்று உடம்பு நம்மைத் தவிக்கவைப்பது அந்தக் கார்பன் டை ஆக்சைடு ஏறுவதால்தான். அதைக் குறைத்துவிட்டால் தவிப்பு வராது. தவிப்பு வருவதற்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்து, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நினைவு போய்விடும். கீழே இருக்கும்போது அழுத்தம் இருப்பதால் நுரையீரலில் மிச்சமுள்ள கொஞ்சம் ஆக்சிஜனும் இரத்தத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். மேலே ஏறும்போது அந்த அழுத்தம் சட்டென்று குறையும். அதனால்தான் மயக்கம் பெரும்பாலும் மேற்பரப்புக்குக் கிட்ட, சில சமயம் தலை வெளியே வந்து ஒரு மூச்சு இழுத்த பிறகும் வருகிறது. ஆழமில்லாத தண்ணீரில், நீச்சல் குளத்தில்கூட, நல்ல நீச்சல்காரர்கள் இப்படி இறந்திருக்கிறார்கள்.

ஆகவே ஒருவர் முங்கினால் மற்றவர் மேலே. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முங்கக்கூடாது. மேலே இருப்பவர் முகத்தைத் தண்ணீரில் வைத்துக் கீழே பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முங்கியவர் மேலே வந்ததும் உடனே திரும்பிவிடக்கூடாது, 30 விநாடியாவது அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். கூப்பிட்டால் பதில் சொல்கிறாரா, உதடு நீலமாகிறதா என்று கவனியுங்கள். நினைவு போனால் முகத்தைத் தண்ணீருக்கு மேலே பிடித்து, மாஸ்க்கைக் கழற்றி, கன்னத்தைத் தட்டி, முகத்தில் ஊதி, பெயர் சொல்லி மூச்சு விடச் சொல்ல வேண்டும்.

கீழே இருந்த நேரத்தைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு நேரம் மேலே இளைப்பாறுங்கள். முங்கும்போது ஸ்நார்க்கலை வாயிலிருந்து எடுத்துவிடுங்கள். இதெல்லாம் ஒரு வார இறுதியில் நேரில் சொல்லிக்கொடுக்கும் அடிப்படை வகுப்பிலேயே வந்துவிடும். ரொறன்ரோவில் அப்படி வகுப்புகள் நடக்கின்றன. உங்கள் இருவரையும் முதலில் அதற்குத்தான் போகச் சொல்வேன். நான் இங்கே எழுதுவதைப் படித்தால் விஷயம் தெரியும், கைப்பழக்கம் வராது.

பேசாலைக்காரன்

மித்ரா சொன்ன ஒருவர் மேலே ஒருவர் கீழே என்பது புதிதல்ல தங்கச்சி. அந்தக் காலத்து மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பிலும் அதுதான் முறை. கல்லைப் பிடித்துக் கீழே போகிற ஆளுக்கு மேலே வள்ளத்தில் கயிறு பிடிக்க ஒருவர் இருப்பார். கயிறு பிடிக்கிறவர் கண்ணை எடுக்கமாட்டார். அவரை நம்பித்தான் மற்றவர் இறங்குவார்.

கார்த்திக்_வாட்டர்லூ

இவ்வளவு கட்டுப்பாடு தேவையா என்று எனக்குத் தோன்றுகிறது. யூடியூபில் பார்த்தேன், ஒருவர் மேல்தளத் திறப்பு வழியாக இறங்கி உள்ளே நீந்தி மறுபக்கம் வெளியே வருகிறார். 6 மீட்டர்தான், வெளிச்சமும் நன்றாக இருக்கிறது. நல்ல நீச்சல்காரருக்கு அரை நிமிட வேலை. கவியின் தம்பி ஆசைப்படுவதில் என்ன தப்பு?

நீர்க்காகம்

கார்த்திக், ஆசைப்படுவதில் தப்பில்லை. எனக்கும் அந்தத் திறப்பின் ஓரத்தில் நின்று உள்ளே பார்க்கும்போது அதே ஆசை வரும். போகக்கூடாது என்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன, கேளுங்கள்.

திறந்த தண்ணீரில் எதுவும் சரியில்லை என்றால் மேலே வந்துவிடலாம். கப்பலுக்குள் மேலே தளம் இருக்கிறது. உள்ளே போனபின் வெளியேற ஒரே வழிதான். காலில் போட்ட துடுப்பால் ஒருமுறை அடித்தால் அடியில் படிந்திருக்கும் சேறு கிளம்பிவிடும். அந்தக் கலங்கலில் நாம் வந்த திறப்பு எந்தப் பக்கம் என்று தெரியாது. ஸ்கூபா போட்டவருக்காவது தேட நேரம் இருக்கும். தம் கட்டிப் போனவருக்குக் கையில் இருப்பது அந்த ஒரு மூச்சுதான்.

கப்பலின் நிலைமை இன்னொன்று. அந்தத் தளம் தானாகத் தாங்கி நிற்கவில்லை. பலகைகள் தளர்ந்து சரியத் தொடங்கியதால், தேசியப் பூங்காக்களைக் கவனிக்கும் பார்க்ஸ் கனடா பல தடவை பழுதுபார்த்து முட்டுக் கொடுத்திருக்கிறது. உள்ளே நுழைந்தவர் ஒரு பலகையைப் பிடித்துத் தள்ளினாலோ, தலையை முட்டினாலோ, நூற்றுச் சொச்ச வருடமாக நிற்கும் ஒன்று அன்றைக்கு விழும். அதைத் திரும்பக் கட்ட முடியாது. அதற்குத்தான் உள்ளே போகத் தடை.

உங்கள் காணொளி எப்போது எடுத்தது, எந்தக் கப்பல் என்று எனக்குத் தெரியாது. ஸ்வீப்ஸ்டேக்ஸ் என்றால் அந்த மனிதர் செய்தது தவறு. கவி, தம்பியிடம் சொல்லுங்கள்: திறப்பின் விளிம்புக்கு மேலே, கொஞ்சம் தள்ளி நின்று, ஒரு நல்ல டார்ச்சை உள்ளே அடித்தால் உட்புறம் நன்றாகவே தெரியும்.

ஆழி

ஸ்கூபா ஆள் நான், பல வருடமாக டோபர்மோரி போகிறேன். எனக்கு வேறு அபிப்பிராயம் இருக்கிறது, நேராகச் சொல்லிவிடுகிறேன். ஸ்நார்க்கல் போட்டு வருகிறவர்கள் ஸ்வீப்ஸ்டேக்ஸில் முங்கவே வேண்டாம். மேலே மிதந்து பாருங்கள்.

முங்குகிறவர்களில் மித்ரா மாதிரிப் படித்தவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் காது வலித்ததும் தடுமாறி, கைப்பிடிச் சட்டத்தையே பிடித்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். மேலே கிளம்பும்போது தளத்தைக் காலால் உந்தித் தள்ளிக் கிளம்புகிறார்கள். ஒரு கோடையில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று யோசியுங்கள். ஸ்கூபா ஆட்களுக்கு மிதப்பைக் கட்டுப்படுத்தப் பயிற்சி இருக்கிறது, போகும் முன் பதிவும் செய்கிறோம்.

மித்ரா

ஆழி, நீங்கள் சொல்லும் கஷ்டம் உண்மைதான். ஆனால் மிதப்பு சரியில்லாமல் தளத்தின் மேல் முட்டியூன்றி உட்கார்ந்து படம் எடுக்கும் ஸ்கூபா ஆட்களையும் நான் பார்த்திருக்கிறேன். பயிற்சி இல்லாதவர்தான் பிரச்சினை, சிலிண்டர் இருக்கிறதா இல்லையா என்பது இல்லை. ஒரு மூச்சில் போகிறவர் குமிழி விடுவதில்லை, சத்தம் இல்லை, கீழே ஒரு நிமிடத்துக்கும் குறைவாகத்தான் இருக்கிறார். ஒழுங்காகச் செய்தால் அந்தக் கப்பலுக்கு மிகக் குறைந்த தொந்தரவு இதுதான்.

ஆழி

ஒழுங்காகச் செய்தால். அங்கேதான் என் சந்தேகம். படித்துவிட்டு வரட்டும், நானே கூட வந்து காட்டுகிறேன். படிக்காதவர்கள் மிதக்கட்டும் என்பதில் நான் மாறவில்லை.

கவி_மார்க்கம்

இரண்டு பேர் சொல்வதும் புரிகிறது. வகுப்பில் சேர்ந்துவிட்டே போகிறோம், அதுவரை முங்கமாட்டோம். இப்போது குளிர் பற்றிச் சொல்லுங்கள். ஆகஸ்டில் வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் உடை) இல்லாமல் சமாளிக்கலாமா?

டெட்ராய்ட்_செந்தில்

வெட்சூட் இல்லாமல் இறங்காதீர்கள். ஹியூரான் ஏரியைக் கியூபாக் கடல் மாதிரி நினைக்கக்கூடாது. ஆகஸ்டில் துறைமுகத்துக்குள் மேல்தண்ணீர் இதமாக இருக்கும். ஆனால் காற்று மாறி, சூடான மேல்தண்ணீரைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போனால் அடியிலிருக்கும் குளிர்ந்த தண்ணீர் மேலே வந்துவிடும். நேற்று குளித்த இடத்தில் இன்றைக்குக் கால் வைக்க முடியாது. முங்கும்போதும் ஒரு மட்டத்துக்குக் கீழே திடீரென்று வெப்பம் குறைவது தோலில் தெரியும்.

குளிர்ந்த தண்ணீரில் சட்டென்று விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு நம் கட்டுப்பாட்டில் இருக்காது, திணறும். அதனால் குதிக்காமல் மெதுவாக இறங்குங்கள். முகத்தை நனைத்துப் பழக்குங்கள். மூச்சு அடங்கும் வரை மிதந்துகொண்டிருங்கள். 5 மில்லிமீட்டர் சூட், தலைக்கு ஹூட், கையுறை, காலுறை. உதடு நடுங்க ஆரம்பித்தால் அன்றைக்குப் போதும் என்று கரையேறிவிடுங்கள். குளிரில் தம் கட்டும் நேரமும் குறைந்துபோகும்.

மித்ரா

ஈயம் பற்றியும் ஒரு வார்த்தை. சூட் போட்டால் உடம்பு மிதக்கும், முங்கக் கஷ்டமாக இருக்கும், அதற்காக இடுப்பில் ஈயக்கட்டி கட்டுவோம். கடலில் கட்டிய அளவை ஏரியில் கட்டாதீர்கள். நன்னீரில் மிதப்பு குறைவு, ஈயமும் குறைவாக வேண்டும். மூச்சை முழுக்க விட்டபிறகும் மேலே அசையாமல் மிதக்க வேண்டும், அதுதான் சோதனை. பெல்ட் ஒரே கையால் கழற்றக்கூடியதாக இருக்கட்டும். கழற்ற வேண்டிய நேரத்தில் யோசிக்காமல் கழற்றுங்கள், ஈயம் போனால் போகட்டும்.

டெட்ராய்ட்_செந்தில்

இந்த இழையை அமெரிக்கப் பக்கத்திலிருந்து படிப்பவர்களுக்கு: எங்களுக்கு மிச்சிகனில் அல்பினா என்ற ஊர் இருக்கிறது. தண்டர் பே தேசிய கடல்சார் சரணாலயம், 2000ல் அறிவித்தார்கள், 2014ல் 4,300 சதுர மைலாக விரிவாக்கினார்கள். பெயரில் கடல் என்று இருந்தாலும் இருப்பது இதே ஹியூரான் ஏரியில்தான். ஆழமில்லாத கப்பல்கள் பல உண்டு. 1907ல் மூழ்கிய மோனோஹன்செட் 6 மீட்டருக்குள் கிடக்கிறது, அதன் கொதிகலன் பார்க்க வேண்டியது. சுப்பீரியர் ஏரியில் முனிசிங் பக்கத்தில் 1870ல் மூழ்கிய பெர்முடா ஸ்கூனரும் மேல்தளம் ஆழமில்லாமல் இருக்கிறது. ஆனால் சுப்பீரியர் குளிர் வேறு மாதிரி. முதல் தடவைக்கு டோபர்மோரியே நல்லது.

சுபா_அஜாக்ஸ்

இடையில் ஒரு கேள்வி. தண்ணீர் இவ்வளவு தெளிவாக இருப்பதற்குக் காரணம் ஏதோ மட்டி என்கிறார்களே, உண்மையா? பிள்ளை பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து சொன்னாள்.

நீர்க்காகம்

ஓம், பெரும்பகுதி உண்மை. ஆனால் சந்தோஷப்படும் விஷயம் இல்லை சுபா.

வரிக்குதிரை மட்டி, அப்புறம் அதன் உறவான குவாகா மட்டி. கருங்கடல், காஸ்பியன் பக்கத்து இனங்கள். சரக்குக் கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றிக்கொண்டு வந்த தண்ணீரில் இவையும் சேர்ந்து வந்தன. 1988ல் செயின்ட் கிளேர் ஏரியில் வரிக்குதிரை மட்டியை முதலில் கண்டுபிடித்தார்கள். இவை தண்ணீரை வடிகட்டி அதிலுள்ள நுண்பாசியைத் தின்கின்றன. தண்ணீர் தெளிகிறது, நமக்குக் கப்பல் நன்றாகத் தெரிகிறது. ஆனால் அந்த நுண்பாசியை நம்பித்தான் ஏரியின் சின்ன உயிர்களும், அவற்றை நம்பி மீன்களும் இருந்தன. ஹியூரானில் 2000களின் தொடக்கத்தில் ஏல்வைஃப் மீன் அடியோடு சரிந்தது, அதைத் தின்று வளர்ந்த சினூக் சால்மனும் சேர்ந்து சரிந்தது. இந்த மட்டிகளும் அதற்கு ஒரு காரணம்.

கப்பல்களுக்கும் கேடுதான். மரத்திலும் இரும்பிலும் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்கின்றன. கூர்ந்து பார்த்தால் பலகையின் வேலைப்பாடு மறைந்து, மேலே நகக்கண் அளவு ஓடுகள் மட்டும் தெரியும். அந்த ஓடு கத்தி மாதிரி வெட்டும், கையுறைக்கு அது இன்னொரு காரணம். அவற்றைச் சுரண்டிப் பார்க்கலாமே என்று யாரும் நினைக்க வேண்டாம். சுரண்டினால் மரமும் சேர்ந்து வரும்.

கார்த்திக்_வாட்டர்லூ

சரி, உள்ளே போவது பற்றி நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். கொஞ்சம் ஆழமாகப் போகப் பழகியவர்களுக்கு வேறு எது இருக்கிறது? 6 மீட்டரோடு முடிந்துவிடுகிறதா?

ஆழி

இதற்கு நான் பதில் சொல்கிறேன். டோபர்மோரியை ஒட்டிய ஃபாதம் ஃபைவ் பூங்காவில் இருபதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் கிடக்கின்றன. 1987ல் தேசிய கடல் பூங்காவானது, அதற்கு முன் மாகாணப் பூங்கா. லிட்டில் டப்புக்கு வெளியே 'தி டக்ஸ்' என்ற இடத்தில் பழைய இழுவைப் படகுகள் நாலு கிடக்கின்றன. அதில் 1927ல் மூழ்கிய ஆலிஸ் ஜி நல்ல நிலையில் இருக்கிறது. ரஸல் தீவுக்குப் பக்கத்தில் வெட்மோர், 1901 நவம்பர்ப் புயலில் போன மர நீராவிக் கப்பல், ஆழம் சுமார் 9 மீட்டர். அதன் கொதிகலன் ஒரு வீட்டு அறையை அடைத்துவிடும் அளவு. சுக்கானும் நங்கூரச் சங்கிலியும் தெரியும். படகில்தான் போக வேண்டும். படித்த ஃப்ரீடைவருக்கு அது அருமையான இடம், இதை மித்ராவுக்காக மனம் ஒப்பிச் சொல்கிறேன்.

அரேபியா, நயாகரா 2 இரண்டும் மிக ஆழம். அவற்றைத் தம் கட்டிப் பார்க்க நினைக்காதீர்கள். அரேபியா அனுபவமுள்ள ஸ்கூபா ஆட்களுக்கே சோதனை.

மித்ரா

வெட்மோர் பற்றி நீங்கள் எழுதியது சந்தோஷம் ஆழி. ஆகஸ்டில் ஒரு படகு சேர்ந்து எடுப்போமா?

ஆழி

எடுப்போம். ஆட்கள் சேரட்டும்.

கவி_மார்க்கம்

கடைசியாக நடைமுறைக் கேள்விகள். கரையிலிருந்தே நீந்திப் போக முடியுமா? கண்ணாடிப் படகுகள் வரும்போது என்ன செய்வது? அடுத்த வாரம் மஸ்கோகாவில் வேறு ஒரு ஏரிக்கும் போகிறோம், அதே சூட்டையும் மாஸ்க்கையும் எடுத்துக்கொண்டு போகலாம்தானே?

நீர்க்காகம்

படகுகள்தான் பிக் டப்பில் நிஜமான ஆபத்து. அவை கப்பல்களின் மேலேயே வந்து நிற்கின்றன. அதனால் நீந்துகிறவர்களுக்கும் முங்குகிறவர்களுக்கும் தனியாக நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த நேரம் மாறலாம். டோபர்மோரி போய்ச் சேர்ந்ததும் முதலில் பார்க்ஸ் கனடா வரவேற்பு நிலையத்துக்குப் போங்கள். இந்தப் பருவத்து நேரம், எங்கே இறங்கலாம், எங்கே கார் நிறுத்தலாம், பதிவு, கட்டணம் எல்லாவற்றையும் அங்கேயே கேட்டு முடித்துவிடுங்கள். கரையோரம் நிறையத் தனியார் காணி, கண்ட இடத்தில் இறங்கினால் சண்டை வரும். மிதவையும் சிவப்பில் வெள்ளைக் குறுக்குக் கோடு போட்ட முங்குவோர் கொடியும் இல்லாமல் தண்ணீரில் இறங்காதீர்கள். கொடியைவிட்டுத் தள்ளிப் போகவும் வேண்டாம். மார்க்கம் நகரத்திலிருந்து காரில் நாலு மணி நேர ஓட்டம். கோடை வார இறுதிகளில் கூட்டம் தாங்காது, கிழமை நாளில் போக முடிந்தால் நல்லது. கலங்கரை விளக்கப் பக்கம் பாறையில் இறங்கினால் சீக்கிரமே ஆழமாகிவிடும். அங்கே மிதந்து பார்க்கலாம், தம்பியைத் தனியே விடாதீர்கள்.

ஆணி, ஓடு, மரத்துண்டு, எதையும் எடுத்து வராதீர்கள். சட்டப்படி குற்றம்.

மஸ்கோகாவுக்கு அப்படியே எடுத்துக்கொண்டு போகாதீர்கள். மட்டியின் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாது, ஈரத்தில் ஒட்டிக்கொண்டு அடுத்த ஏரிக்குப் போய்விடும். ஏறின உடனே சூட்டையும் காலுறையையும் உதறித் தண்ணீரை வடியுங்கள். வீட்டுக்கு வந்து வெந்நீரில் நன்றாகக் கழுவி, வெயிலில் முழுக்கக் காயவையுங்கள். காலுறையின் உள்பக்கத்தையும் திருப்பிப் போடுங்கள், அங்கேதான் ஈரம் கடைசி வரை நிற்கும். அடுத்த வாரத்துக்குள் காயவில்லை என்றால் மஸ்கோகாவுக்கு வேறு சூட் வாடகைக்கு எடுங்கள்.

கவி_மார்க்கம்

சரி அண்ணா, வாடகைக்கே எடுக்கிறோம். வகுப்பில் இடம் கிடைத்ததும் தேதியை இங்கே எழுதுகிறேன். ஆழி, மித்ரா, வெட்மோர் படகில் எங்கள் இரண்டு பேருக்கும் இடம் வைத்திருங்கள். முங்க விடாவிட்டாலும் மேலே காவலுக்கு இருப்போம்.

மித்ரா

இடம் இருக்கிறது. காவலுக்கு இருப்பவர்களுக்கும் அந்த வகுப்பு வேண்டும், மறக்காதீர்கள்.